கல்லைக் கூட்டிப் பெருக்குதல்: வெங்கச்சாங்கல்லும் ‘தூய்மை’யின் வரலாறும்

1

‘தூய்மை’ என்பது நமது சூழலில் அப்பாவியான சொல் அல்ல. தீட்டின் மறுபக்கமாக, மொழித் தூய்மையாக, இனத் தூய்மையாக அது செய்து வந்திருக்கிற காரியங்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆனால் அறிவியலின் வாசலுக்கு வந்ததும் அந்தச் சொல் தன் அரசியலைச் செருப்பைப் போல வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதாகவே நம்பிக்கொண்டிருக்கிறோம். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு அசுத்தம் என்று எண்ணில் சொல்லிவிட்டால், இதுல வாதாட என்ன இருக்கு என்று விட்டுவிடுகிறோம். எதை அசுத்தம் என்று வைத்து எண்ணினார்கள், எந்தக் காரியத்துக்காக எண்ணினார்கள் என்று கேட்பதில்லை. இக்கட்டுரை ஒரு கல்லை முன்வைத்து அதைக் கேட்க முயல்கிறது.

கல் நமக்குத் தெரிந்ததுதான். தருமபுரி, சேலம் பக்கம் வெங்கச்சாங்கல் என்பார்கள். மானாவாரிக் காட்டில் ஏர் ஓட்டினால் கொழுவில் தட்டுகிற வெள்ளைக் கல்லு. இருட்டில் ரெண்டை எடுத்து ஒரசினால் மினுக்குமே, பிள்ளைங்க விளையாடுவாங்களே, அதேதான். ஆங்கிலத்தில் குவார்ட்ஸ், பழந்தமிழில் பளிங்கு என்றும் படிகம் என்றும் பெயர்.

பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகத் தெற்கே வருகிற சாலை, சேலத்துக்கு இறங்குமுன் தொப்பூர்க் கணவாயைத் தாண்டியாக வேண்டும். ரயில் பாதையும் இந்த இடைவெளியைப் பிடித்துத்தான் போகிறது. மேட்டூருக்கும் பவானிக்கும் போகிற சாலை இங்கே பிரிகிறது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் கவிழ்கிற இடம் என்பதே வெளியூர்க்காரர்கள் செய்தித்தாளில் அறிந்த தொப்பூர். மேலே பென்னாகரம், அரூர் வட்டங்களில் உயர்தரக் குவார்ட்ஸ் கிடைப்பதாக மாவட்டத்தின் கனிமப் பட்டியல் சொல்கிறது. அதே மாவட்டத்தின் வடகோடியில் ஓசூர் இருந்தது. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் அங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். சாவி கொடுக்கத் தேவையில்லாத அந்தக் கடிகாரத்தின் முகப்பில் ‘குவார்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தது.

ஆக, ஒரே மாவட்டத்தின் ஒரு மூலையில் டன் கணக்கில் விலை பேசுகிற கல். இன்னொரு மூலையில் வினாடிக்கு 32,768 முறை துல்லியமாக அதிர்கிற, அரிசியை விடச் சிறிய கவை. வேதியியலில் இரண்டும் ஒன்றே: ஒரு பங்கு சிலிக்கன், இரண்டு பங்கு ஆக்ஸிஜன். ஆனாலும் இந்தக் கல்லை அந்தக் கவையாக வெட்டிவிட முடியாது. இடையில் ‘தூய்மை’ என்கிற ஏற்பாடு நிற்கிறது. அது எப்படி உண்டாயிற்று?

2

இந்தக் கல்லைத் தரம் பிரிக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் படிகமணிகளும் செவ்வந்திக்கல் மணிகளும், அவற்றைச் செய்கையில் உடைந்த சில்லுகளும் கிடைத்தன. குவார்ட்ஸை விடக் கடினமான ஒன்றைக் கொண்டுதான் அதில் மயிரிழை போலத் துளை போட முடியும். எந்தக் கல் துளையின்போது பிளந்துபோகும் என்பதைக் கையும் கண்ணும் அறிந்திருக்க வேண்டும். தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லை அறுத்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். மணிக்காரனுக்கு நிறம் முக்கியம், கண்ணாடிக்காரனுக்குத் தெளிவு முக்கியம். செவ்வந்திக்கல்லின் ஊதா நிறம் இரும்பு என்கிற ‘அசுத்தத்தால்’ வருவது; மணிக்காரனுக்கு விலையே அந்த அசுத்தத்தில்தான் இருந்தது. கல்லின் தூய்மை அதன் பயன்பாட்டிலிருந்து பிரிக்க முடியாத ஒன்று என்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1880இல் பாரீசில் ழாக், பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்பது அடுத்த ஆண்டில் தெரிந்தது. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இது ஆய்வக வேடிக்கையாகவே கிடந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட பால் லாஞ்ஜவான் குவார்ட்ஸ் தகடுகளைப் பயன்படுத்தியபோதுதான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்டர் கேடி படிகத்தை வைத்து வானொலி அலைவெண்ணைக் கட்டிப்போடலாம் என்று காட்டினார். 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார். குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட தடிமனில் அறுத்த தகடு ஒரே அலைவெண்ணில் அதிரும். அதைத்தான் ஒத்ததிர்வி என்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் டாங்கி, விமானம் எல்லாவற்றிலும் வானொலி ஏறியது. அமெரிக்காவுக்குக் கோடிக்கணக்கில் தகடுகள் தேவைப்பட்டன. அந்தத் தரத்துக் கல் ஏறத்தாழ முழுக்க பிரேசிலிலிருந்து வந்தது. அங்கே மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தோண்டியவர்கள் எடுத்த கல்லில் மிகச் சிறு பங்குதான் தேறியது. மீதி இரட்டைப் படிகம், விரிசல், குமிழி என்று கழிக்கப்பட்டது. தோண்டியவனின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த கற்களை எக்ஸ் கதிர் பிரித்தது. தரம் என்பது கல்லைத் தொடுகிறவன் அறியக்கூடியதாக இருந்த காலம் அங்கே முடிந்தது எனலாம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அந்தத் தகடுகளை அறுத்துத் தேய்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தப் போர்க்கால வேலையில் ஒரு சிறு சம்பவம் நமக்கு முக்கியம். தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அலைவெண் ஏறிப்போகும், பிறகு அது உதவாது. கிளிஃபோர்ட் ஃப்ராண்டெல் என்ற கனிமவியலாளர், எக்ஸ் கதிரை வலுவாகப் பாய்ச்சினால் படிகம் புகைநிறமாவதையும் அலைவெண் சற்றே இறங்குவதையும் கண்டார். கெட்டுப்போன தகடுகளை இப்படிச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. அதாவது, கதிர்வீச்சுக்குப் படிகம் இடம்கொடுக்கிறது என்பது அன்று ஒரு வசதி. இருபது ஆண்டுக்குள் அதே குணம் குற்றமாயிற்று. கல் மாறவில்லை. காலம் எதைக் கேட்டதோ அது மாறியது.

3

பிரேசில் கல்லை நம்பியிருக்க முடியாது என்ற பதற்றம்தான் வளர்ப்புப் படிகத்தைப் பிறப்பித்தது. இத்தாலியில் ஜார்ஜோ ஸ்பெத்சியா 1900களின் முதல் பத்தாண்டிலேயே இதற்கான முறையைக் காட்டியிருந்தார். மாதக்கணக்கில் பொறுத்திருந்து சிறு படிகம் வளர்த்தார். அதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. போரின்போது பிரேசில் கல் கிடைக்காத ஜெர்மனியில் ரிச்சர்ட் நாக்கன் அதைக் கையிலெடுத்தார். போர் முடிந்ததும் அந்த அறிவு வென்றவர்களிடம் போனது. 1950 வாக்கில் பெல் ஆய்வகத்தில் வாக்கரும் பியூலரும் தொழில் அளவுக்கு அதை நகர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் உற்பத்தி தொடங்கிவிட்டது. சோவியத் யூனியனிலும் இணையாக அதே வேலை நடந்தது.

முறை சமையல்காரர்களுக்குப் புரியக்கூடியது. தடித்த எஃகுக் கலம், மூடினால் பிரஷர் குக்கரின் பெரியண்ணன். அடியில் உடைத்த குவார்ட்ஸ் கல். மேலே தொங்கவிட்ட விதைத் தகடுகள். உள்ளே சோடாக் காரம் கலந்த நீர். ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸ் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் அழுத்தம். அடிப்பாகம் சற்றுக் கூடுதலாகச் சுடும். அங்கே கல் கரைந்து மேலேறி, குளிர்ந்த விதையின் மேல் படியும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்து, வாரக்கணக்கில் காத்திருந்தால் கட்டி கட்டியாக ஒரே வடிவத்தில் படிகம் கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘செயற்கை’ என்று பெயரிட்ட இந்தப் படிகத்துக்குத் தீனியாகப் போடுவது இயற்கைக் கல். சாதாரண சிலிக்கா மண்ணைப் போட்டால் சரிவராது. நல்ல குவார்ட்ஸை உடைத்த சில்லுதான் வேண்டும். பிரேசில் வழக்கில் அதற்கு ‘லஸ்கா’ என்று பெயர். சுரங்கத்தை விட்டு விடுதலையாகிவிட்டோம் என்று பெருமை பேசிய தொழில்நுட்பத்தின் அடிவயிற்றில் யாரோ சுத்தியலால் உடைத்துப் பொறுக்கிய கல் கிடக்கிறது. அந்தக் கல்லில் இருந்த அலுமினியமும் கரைந்து மேலேறிப் புதிய படிகத்துக்குள் போகிறது. இந்த அலுமினியத்திலிருந்துதான் நமது கதையின் அடுத்த கட்டம்.

4

படிகத்தின் உள்ளே சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே அலுமினியம் உட்கார்ந்துவிடுகிறது. பத்து லட்சத்தில் சில பங்கு, அவ்வளவுதான். சிலிக்கனின் கணக்கு நான்கு மின்னேற்றம், அலுமினியத்தின் கணக்கு மூன்று. குறைகிற ஒன்றை ஈடுகட்ட ஒரு துணை வேண்டும். கரைசலில் நிறைய இருக்கிற சோடியமோ லித்தியமோ பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. லித்தியம் தற்செயலாக வந்ததும் அல்ல. படிகத்தின் அதிர்வுத் தரம் கூட வேண்டும் என்று வளர்ப்பவர்களே லித்தியம் உப்பைச் சேர்த்தார்கள். ஒரு காரியத்துக்கு மருந்தாக இட்டது இன்னொரு காரியத்துக்கு நஞ்சாயிற்று.

படிகத்தின் நெடுக்கச்சுவாக்கில் சிறு சந்துகள் ஓடுகின்றன. சோடியமும் லித்தியமும் அந்தச் சந்துகளில் நடமாடக்கூடியவை. இது புதிய அறிவல்ல. 1888 வாக்கிலேயே ஜெர்மனியில் வார்பர்க், டெகட்மயர் இருவரும் சூடேற்றிய குவார்ட்ஸ் அந்த அச்சுவாக்கில் மட்டும் மின்சாரம் கடத்துவதையும், கடத்துவது இந்த அயனிகளே என்பதையும் காட்டிவிட்டார்கள். கதிர்வீச்சு பட்டால் இந்தத் துணைகள் அலுமினியத்தை விட்டுக் கழன்று அலைகின்றன. படிகத்தின் விறைப்பு மாறுகிறது, அலைவெண் நகர்கிறது. ஃப்ராண்டெல் கண்ட இறக்கம் இதோடு தொடர்புடையதுதான்.

1950களின் இறுதியில் பெல் ஆய்வகத்தின் ஜே.சி. கிங், படிகத்தின் இரு முனைகளிலும் மின்வாய் பூசி, சூடேற்றி, மின்புலம் கொடுத்து இந்த அயனிகளை ஓட்டிவிடலாம் என்று காட்டினார். பிற்பாடு நிலைபெற்ற முறையில் வெப்பம் 500 டிகிரி அளவில் இருக்கும். மின்புலம் சென்டிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட் அளவில். வெப்பம் துணையை அலுமினியத்திலிருந்து நெகிழ்த்துகிறது, மின்புலம் சந்து வழியே எதிர்மின்வாய்க்கு இழுத்துக்கொண்டு போகிறது. காலியான இடத்துக்கு மறுமுனையிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. காற்றிலுள்ள ஈரமே அதற்கு ஊற்று. முதலில் மின்னோட்டம் நன்றாக ஓடும், நடமாடும் அயனிகள் தீரத் தீரக் குறையும். சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்வீப்பிங்’. நம்ம பேச்சில் கூட்டிப் பெருக்குதல்.

வெப்பத்தை இஷ்டத்துக்கு ஏற்றிவிடவும் முடியாது. 573 டிகிரியில் ஒரு சுவர் நிற்கிறது. அதைத் தாண்டினால் படிகத்தின் அமைப்பே மாறும். ஆறித் திரும்பி வரும்போது இரட்டைப் படிகமாகக் குழம்பி ஒத்ததிர்விக்கு உதவாமல் போகும். இந்தச் சுவரைப் பற்றிய அடிப்படை அறிவில் நமது பக்கத்துக்கும் ஒரு பங்குண்டு. 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனும் டி.எம்.கே. நெடுங்காடியும், வெப்பம் அந்த எல்லையை நெருங்க நெருங்கக் குவார்ட்ஸின் ஒரு குறிப்பிட்ட அதிர்வு தளர்ந்துபோவதைக் கண்டு எழுதினார்கள். ‘மென் அதிர்வு’ என்று பின்னால் உலகம் கோட்பாடாக்கியது இதைத்தான். அந்தக் கோட்பாடு வர இன்னும் இருபதாண்டு ஆயிற்று. ராமன் பெயரைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம், நெடுங்காடியை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இனி முக்கியமான கேள்வி. பெருக்கிய படிகம் தூய்மையாகிவிட்டதா? அலுமினியம் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடமாடுகிற துணையை மாற்றி வேறொரு துணையை வைத்திருக்கிறார்கள். ‘தூய்மையாக்கம்’ என்று பெயர் பெற்ற ஒரு செயல், ‘அசுத்தம்’ என்று பெயர் பெற்ற பொருளைத் தொடவே இல்லை. இதைச் சாதியத்துக்கோ சமூகத்துக்கோ உவமையாக நீட்டிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. இயற்கையை உவமைக் களஞ்சியமாக்கியவர்கள் நமக்குச் செய்த கேடு போதும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கறாரான ஆய்வகத்துக்குள்ளும் தூய்மை என்பது பொருளின் சாரம் அல்ல, ஒரு பயனுக்கான உறவு.

அந்தப் பயன் எது? ஓசூர்க் கடிகாரத்துக்கு இந்தப் பெருக்கல் வேண்டியதில்லை. மணிக்கட்டில் கதிர்வீச்சு இல்லை. 1962 ஜூலை 9இல் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. மறுநாள் ஏவிய டெல்ஸ்டார் செயற்கைக்கோள், அந்த வெடிப்பு விட்டுச்சென்ற கதிர்வீச்சில் சில மாதங்களில் செத்தது. அதில் கெட்டது டிரான்சிஸ்டர்கள்தான் என்றாலும், கதிர்வீச்சில் எது பிழைக்கும் என்ற கேள்வி எல்லாப் பாகங்களின் மீதும் விழுந்தது. 1960களிலும் 70களிலும் கதிர்வீச்சுக்கு அசையாத ஒத்ததிர்விகளைத் தேடிய ஆய்வுக்குப் பணம் போட்டவர்களில் முன்னால் நின்றது அமெரிக்க ராணுவம். செயற்கைக்கோள்களுக்கும் அது உதவியது, உதவுகிறது, மறுப்பதற்கில்லை. பெருக்கிய படிகத்தை அமிலத்தில் அரித்து மெல்லிசாக்கும்போது குழல் குழலாக ஓட்டை விழுவது குறைகிறது என்ற லாபமும் உண்டு. ஆனால் அந்தத் தூய்மையின் அளவுகோலை முதலில் அழுத்தமாக வரைந்தது, அணுகுண்டு வெடித்த பிறகும் ஏவுகணையும் கட்டளைக் கருவியும் பிசகாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்ற தேவை. மனிதர்கள் செத்த பிறகும் கடிகாரம் பிசகக் கூடாது. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற எண்ணுக்குள் இப்படியொரு காட்சி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

5

இந்தியாவில் இந்தக் கல்லைப் பற்றிய அறிவு இல்லை என்றும் சொல்ல முடியாது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ராணுவ வானொலிகளோடு படிகங்களும் செய்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கே. பைரப்பாவின் குழு நீர்வெப்பமுறைப் படிக வளர்ப்பில் உலகம் அறிய வேலை செய்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் வந்தது. தொப்பூர்க் கணவாயிலிருந்து இவையெல்லாம் சில மணி நேரப் பயணம். ஆனாலும் காட்டில் கிடக்கிற வெங்கச்சாங்கல்லுக்கும் இந்த அறிவுக்கும் இடையே பாதை இல்லை. கண்ணாடிக்கு, பீங்கானுக்கு, எஃகாலைக்கான ஃபெர்ரோ சிலிக்கனுக்கு, பூச்சுப் பொடிக்கு என்று டன் கணக்கில் இந்தத் தரத்துக் கல் போகிறது. நம்ம கல்லை வைத்து நாமே படிகம் செய்யலாமே என்கிற ‘வளர்ச்சி’ வாதம் இங்கே எழும். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தேசியக் கொடி போர்த்திய ஒத்ததிர்வியும் அதே ராணுவக் கணக்கில்தான் போய்ச் சேரும். கல் உடைக்கிறவனுக்கு அதில் என்ன மாறும் என்பதை அந்த வாதம் சொல்வதில்லை.

கல் உடைக்கிறவனுக்கு நடப்பதைப் பார்ப்போம். குவார்ட்ஸ் உடையும்போது பறக்கிற கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தங்கி, அங்கே தழும்பு தழும்பாகக் கட்டிக்கொள்கிறது. சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் என்று எழுதி அனுப்பிவிடுவதும் சகஜம். மத்தியப் பிரதேசத்தின் ஆலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளில் வேலை செய்து இப்படிச் செத்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் தரும்படி குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. அரைத்தது இதே கல்.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிசை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்பதற்கு அட்டவணையும் சூத்திரமும் தந்தது. ஆனால் மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்று அந்தச் சட்டம் போட்ட எல்லைக்கு வெளியேதான் சிறு பட்டறைகள் பெரும்பாலும் இருந்தன. கூலிப்பட்டியலில் பெயரே இல்லாதவனுக்கு இந்த ஆலையில்தான் நோய் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

இப்போது இரண்டு அளவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வளர்ப்புக் குவார்ட்ஸுக்கு ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. உள்ளே எத்தனை புள்ளிகள், அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது, அரித்தால் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை குழல்கள் என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிக்கும் சான்றிதழ் போகும். அந்தக் கட்டிக்குத் தீனியாகவோ, கண்ணாடிக்கோ, பீங்கானுக்கோ கல் உடைத்தவனின் மூச்சுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. பெருக்குகிறவர்கள் மின்னோட்டம் மணிக்கு மணி எவ்வளவு குறைகிறது என்று வரைபடம் போடுகிறார்கள். பெருக்கப்படாமல் பட்டறைத் தரையில் கிடக்கிற தூசியை, அதைத் துடைப்பத்தால் கூட்டுகிற பெண்ணின் தலைக்கு மேல் எழும்பும்போது, அளந்து பார்க்க ஆளில்லை.

அளக்கக் கருவி இல்லையென்ற பேச்சை நம்ப முடியாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கை எண்ணத் தெரிந்த அறிவு, ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள தூளை எண்ணத் திணறாது. எதை எண்ணுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம். அதனால் தருமபுரி, சேலம் பக்கத்தில் இயங்குகிற தோழர்கள் கல்குவாரிகளின் விலை, ராயல்டி, குத்தகை ஊழல் என்று பேசுவதோடு இன்னொரு கணக்கையும் எடுக்க வேண்டும். எந்தப் பட்டறையில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக, தண்ணீர் தெளித்து உடைக்கிறார்களா, உலர வைத்தா, இருமலோடு ஊருக்குத் திரும்பியவர்கள் யார் யார், அவர்களது எக்ஸ் கதிர்ப் படத்தை யாராவது எடுத்தார்களா, எடுத்திருந்தால் சீட்டில் என்ன நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோத்ராவுக்குப் போன ஆதிவாசிகளின் வழக்கு நின்றதும் ஊர் ஊராகப் போய் இப்படிப் பெயர் பெயராக எழுதிய பட்டியலின் மேல்தான்.